ஓர் எழுத்துப்பிழையால் நின்ற சார்ஜர்

1. சாம்பல் நிறம்

காலை ஏழரை மணிக்கு ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்ததும் வந்த முதல் அழைப்பு சுமனுடையது. முனிர்காவில் மூன்றாவது மாடி அறையில் குடியிருக்கும் டாக்ஸி டிரைவர். எப்போதும் சிரித்துக்கொண்டே பேச்சை ஆரம்பிக்கிறவள். அன்றைக்குச் சிரிக்கவில்லை.

"மல்லிகா தீதி, நாலு மெஷினும் செத்துக் கிடக்கு. லைட்டு கூட எரியல. என் வண்டியில பன்னெண்டு பர்சன்ட் இருக்கு. ஒம்போது மணிக்கு ஏர்போர்ட் சவாரி. என்ன பண்ணட்டும், தள்ளிக்கிட்டுப் போகவா?"

அவள் பேசியது இந்தி; தீதி என்றால் அக்கா. இந்தக் குறிப்பில் டிரைவர்களும் அதிகாரிகளும் இந்தியில் சொன்னதை நான் தமிழில்தான் எழுதுகிறேன்.

என் வேலை, ஒரு கார் கம்பெனியின் பொது சார்ஜிங் உதவி எண்ணில் பேசுவது. ஆபீஸ் ஓக்லாவில். தில்லியில் எங்கள் சார்ஜர் எங்கே நின்றாலும் என் திரையில் தெரியும். பச்சை என்றால் ஓடுகிறது, மஞ்சள் என்றால் கார் நிற்கிறது, சிவப்பு என்றால் கோளாறு. முனிர்காவுக்குப் பக்கத்து மார்க்கெட்டின் பேஸ்மென்ட் பார்க்கிங்கில் எங்களுக்கு நாலு மெஷின். அன்றைக்கு அந்த நாலும் சாம்பல் நிறத்தில் இருந்தன. அப்படி ஒரு நிறம் இருப்பதே எனக்கு அதுவரை தெரியாது. மேலே அழுத்திப் பார்த்தேன். "பாதுகாப்புக் காரணத்துக்காகத் தலைமையகம் நிறுத்தியுள்ளது" என்று வந்தது.

சுமனை வசந்த் விஹார் பக்கம் வேறொரு கம்பெனி சார்ஜருக்குப் போகச் சொன்னேன். அங்கே எப்போதும் வரிசை நிற்கும். அவளுக்கும் அது தெரியும். "அச்சா" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள். சவாரி போய்விடும் என்பது அந்த ஒரு சொல்லிலேயே கேட்டது.

அந்த நாலு மெஷினை நிறுத்தியது நான்தான் என்று எனக்கு அப்போது தெரியாது.

2. கெஸ்ட்

புதிதாக இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு ஒரு பழைய கதை தெரியாது. ஆரம்பத்தில் எங்கள் கம்பெனி தன் ஷோரூம் வாசலில் மட்டும் சார்ஜர் வைத்தது. தன் கார் மட்டும்தான் செருகலாம். பிறகு, எல்லா இடத்திலும் சார்ஜர் இருந்தால்தான் ஜனம் கரண்ட் வண்டி வாங்கும் என்று மேலே இருக்கிறவர்களுக்குப் புரிந்தது. மார்க்கெட், மால், பேஸ்மென்ட் என்று பரப்பினார்கள். எந்தக் கம்பெனிக் காராக இருந்தாலும் வரலாம் என்று பெரிய பெரிய போர்டு வைத்தார்கள்.

போர்டில் "எல்லோரும் வாருங்கள்". ஆபீசுக்குள்ளே இரண்டு பெயர். எங்கள் காரில் வந்தால் கஸ்டமர். வேறு கம்பெனிக் காரில் வந்தால் கெஸ்ட். விருந்தாளியை எவ்வளவு நாள் வீட்டில் வைத்துக்கொள்ளலாம் என்று மாதா மாதம் மீட்டிங் நடக்கும்.

கெஸ்ட் என்றால் பெரும்பாலும் சுமன் மாதிரி டாக்ஸிக்காரர்கள். முனிர்கா சந்துகளில் மூன்றாவது மாடியில் குடியிருக்கிறவர்கள் கீழே நிற்கிற வண்டிக்கு ஒயர் இழுத்துவிட முடியாது. அந்த பேஸ்மென்ட்தான் அவர்களுக்கு பங்க். அது போனால் தினமும் இரண்டு சவாரி நேரம் வரிசையிலேயே கழியும்.

நான் மந்திர் மார்க் தமிழ்ப் பள்ளியில் பத்தாவது வரை படித்தவள். அதற்குமேல் படித்ததெல்லாம் காதால்தான். முதலில் ரேடியோ டாக்ஸி கன்ட்ரோல் ரூம், பிறகு இது. டிரைவர்கள் பேசுவதைக் கேட்பதில் எனக்கு ஒரு ருசி உண்டு. கோளாறு என்ற சொல்லை ஒருவர்கூடச் சொல்ல மாட்டார். ஒருவர், "கன்னு பல்லைக் கடிச்சுக்கிட்டு இருக்கு" என்பார். கன் என்பது காரில் செருகுகிற பிளக். பெட்ரோல் பங்க் பழக்கத்தில் வந்த பெயர். இன்னொருவர், "மெஷினு தர்ணாவுல உக்காந்துடுச்சு மேடம், கோரிக்கை என்னன்னு கேட்டுச் சொல்லுங்க" என்பார். தில்லிக்காரருக்கு அது இயல்பாக வரும்.

பேஸ்மென்ட்டில் இருந்து வருகிற சொல் மட்டும் எப்போதும் ஒன்றுதான். "மெஷின் ரூட் கயீ." மெஷின் கோபித்துக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது என்று அர்த்தம். கல்யாண வீட்டில் மாமா கோபித்துக்கொள்வாரே, அந்தக் கோபம்.

விஷயம் இதுதான். ஒவ்வொரு மெஷினிலும் ஆபத்துக்கு அமுக்குகிற சிவப்புப் பொத்தான் ஒன்று உண்டு, காளான் மாதிரி. அமுக்கினால் உள்ளேயே மாட்டிக்கொள்ளும், மெஷின் மொத்தமும் அணைந்துவிடும். மறுபடி எழுப்ப வேண்டுமானால் பொத்தானை வலப்பக்கமாகத் திருக வேண்டும். யாருக்கும் அது தெரியாது. அமுக்கினவர் போய்விடுவார், அடுத்து வருகிறவர் என்னைக் கூப்பிடுவார். நான், "அண்ணே, கோபிச்சுக்கிட்டு இருக்கில்ல? அந்தச் சிவப்பு இருக்கே, அதோட காதைப் பிடிச்சுத் திருகுங்க" என்பேன். திருகுவார். டக்கென்று சத்தம் வரும், திரை எரியும். "மான் கயீ தீதி!" என்பார். சமாதானம் ஆகிவிட்டதாம்.

பிறகு நான் டிக்கெட் எழுதி மூட வேண்டும். டிக்கெட் என்றால் திரையில் நிரப்புகிற புகார்ச் சீட்டு. டிரைவர் சொன்னதை அவர் வாயால் சொன்னபடியே எழுதுவது என் பழக்கம்.

3. டிக்குப் பிறகு ஹெச்

பத்து மணிக்கு சேத்தி சார் வந்தார். தில்லி நெட்வொர்க் மேனேஜர். கெட்டவர் இல்லை, மேலே இருந்து போன் வந்தால் எழுந்து நின்றுகொண்டு பேசுகிற மனிதர். கையில் ஒரு கத்தைக் காகிதம்.

"மல்லிகா ஜி, இதெல்லாம் நீங்க எழுதினதா?"

பார்த்தேன். பதினொரு டிக்கெட். எல்லாம் பேஸ்மென்ட். எல்லாவற்றிலும் இங்கிலீஷ் எழுத்தில், மெஷின் ரூட் கயீ.

"ஆமா சார். டிரைவர் சொன்னது."

"என்ன ஸ்பெல்லிங் இது?"

ஆர், ஓ, ஓ, டி. எனக்கு அதில் ஒரு தப்பும் தெரியவில்லை.

"புனேல சாஃப்ட்வேர் டீமு இதைப் பாத்து ராத்திரி முழுக்கத் தூங்கலையாம். ரூட்டுன்னா அவங்க பாஷையில மெஷினோட மாஸ்டர் சாவி. எவனோ பதினொரு தடவை நம்ம மெஷினுக்குள்ள பூந்துட்டான், மாஸ்டர் சாவி எடுத்துட்டான்னு முடிவு பண்ணி சைட்டையே நிறுத்திட்டாங்க."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கு வரவில்லை.

பிசகு எங்கே என்று சொல்கிறேன். இந்தியில் அந்த 'ட' கொஞ்சம் மூச்சோடு வரும். இந்திக்காரர் இங்கிலீஷில் எழுதினால் டிக்குப் பிறகு ஒரு ஹெச் போடுவார். நமக்கு அந்த மூச்சு 'ட' இல்லை. மேலும், நாம் டிக்குப் பக்கத்தில் ஹெச் போட்டால் அது 'த' ஆகிவிடும். முத்துவை அப்படித்தான் எழுதுகிறோம். ஹெச் போட்டிருந்தால் என் கண்ணுக்கு அது 'ரூத்' என்று தெரிந்திருக்கும். அதனால் ஹெச்சைத் தொடவில்லை. தில்லியில் பிறந்து வளர்ந்தும் விரல் தமிழ்தான் தட்டியிருக்கிறது.

எல்லாம் சொன்னேன். சேத்தி சார் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

"சரி விடுங்க. ஜல்தி முடிச்சுடலாம். பதினொண்ணையும் திறங்க. எழுதினதை அழிச்சுட்டு, காரணம்ங்கிற கட்டத்துல 'வேண்டலிசம்' செலக்ட் பண்ணுங்க. செக்யூரிட்டி கேஸ் மூடிடும். நாளைக்கே சைட்டு ஓடும்."

"வேண்டலிசம்னா வேணும்னே உடைக்கறதுன்னு அர்த்தம் சார். யாரும் உடைக்கலையே."

"எமர்ஜென்சி பட்டனைச் சும்மா சும்மா அமுக்கறது வேண்டலிசம்தான்."

"சைட்டு ஓடும்னீங்களே, யாருக்கு ஓடும்?"

அவர் காகிதத்தை அடுக்கினார். "நம்ம கஸ்டமருக்கு."

"கெஸ்டுக்கு?"

"பதினொரு தடவையும் அமுக்கினது கெஸ்ட். ஒரு கஸ்டமர் கூட இல்ல. மெஷினோட பதிவு, அந்த லாக் எடுத்துப் பாத்துட்டேன். வேண்டலிசம் இருக்கிற சைட்டுல கெஸ்டை எடுத்துடணும், பாலிசி. மல்லிகா ஜி, நான் உங்க தப்பை மறைக்கத்தான் வழி சொல்றேன்."

"தப்பு என் ஸ்பெல்லிங்ல இருக்கு சார். அவங்க கையில இல்ல."

அவர் காகிதக் கத்தையை என் மேஜையில் வைத்துவிட்டு, "சாயங்காலத்துக்குள்ள" என்று சொல்லிப் போனார்.

4. கட்டம்

பதினொரு டிக்கெட்டையும் மறுபடி திறந்தேன். காரணம் என்ற கட்டத்தில் கீழே விரிகிற பட்டியல் உண்டு. கரண்ட் இல்லை, நெட்வொர்க் இல்லை, கார் கோளாறு, கேபிள் சேதம், வேண்டலிசம். மற்றவை என்று முன்பு ஒன்று இருந்தது; இந்தப் பதினொன்றையும் அதில்தான் மூடியிருந்தேன். நான் அதில் நிறைய எழுதுகிறேன் என்று எடுத்துவிட்டார்கள். இந்தப் பட்டியலில் ஒன்றைத் தொடாமல் டிக்கெட் மூடாது. மூடாத டிக்கெட் முதல் நாள் மஞ்சள், இரண்டாம் நாள் ஆரஞ்சு, மூன்றாம் நாள் சிவப்பு. சிவப்பானால் சேத்தி சார் திரையிலும், அவருக்கு மேலே குருகிராமில் இருக்கிறவர் திரையிலும் என் பெயரோடு எரியும்.

நான் பிறந்து வளர்ந்த கேம்ப், தில்லித் தமிழர்களின் குடிசைப் பகுதி, இப்போது இல்லை. இடிப்பதற்கு முன்னால் ஒரு பட்டியல் ஒட்டினார்கள். ஒவ்வொரு பெயருக்கும் நேரே, மாற்று வீட்டுக்குத் தகுதி உண்டு, தகுதி இல்லை என்று ஒரு சொல். எங்கள் பக்கத்து வீட்டு அம்மா பெயருக்கு நேரே எந்தச் சொல்லைப் போடுவது என்று யார் தட்டினார்களோ தெரியாது. தட்டியவருக்கு அந்த அம்மாவைத் தெரியாது. எனக்கு சுமனைத் தெரியும். அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆனால் தட்டாமல் விட்டாலும் சைட் மூடித்தான் கிடக்கும். அதனால் இடைவேளையில் சுமனைக் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னேன். என் எழுத்தால்தான் நின்றது என்பதையும் சொன்னேன்.

"அப்போ என் ஏர்போர்ட் சவாரி உங்க இங்கிலீஷால போச்சு" என்றாள்.

"ஆமா. மன்னிச்சுக்கோ."

"அந்தச் சொல்லு என்ன சொன்னீங்க? வேண்டல்...?"

"வேணும்னே உடைக்கிறவங்கன்னு அர்த்தம்."

"கன்னு காரை விட்டு வரமாட்டேங்குது, போன்ல நிறுத்துன்னு அழுத்தினா வட்டம் சுத்திக்கிட்டே இருக்கு, மேல சவாரிக்காரர் போன் பண்ணித் திட்டறார். சிவப்பை அமுக்கினாத்தான் கன்னு விடும். அதான் அமுக்கறோம். அது உடைக்கறதா?"

"இல்ல."

"அப்போ எழுதாதீங்க. நான் ரெண்டு மூணு நாள் வசந்த் விஹார்ல வரிசையில நின்னுக்கறேன். நாங்க அங்க வரவே கூடாதுன்னு ஒருத்தர் எழுதி, அதுல உங்க பேரு இருந்தா, அப்புறம் உங்ககிட்ட நான் என்ன பேசறது?"

சாயங்காலம் சேத்தி சார் வந்து திரையைப் பார்த்தார். கட்டம் காலியாக இருந்தது.

"என்ன இது?"

"பட்டியல்ல சரியான காரணம் இல்ல சார். இல்லாததை நான் தொட முடியாது."

"வேற யாரையாவது விட்டு மூடச் சொன்னா?"

"சொல்லுங்க. டிக்கெட்ல என் பேரு இருக்கு, அவங்க பேரும் சேரும். எதுக்கு மூடினீங்கன்னு நான் அவங்களை எழுத்துல கேப்பேன்."

பக்கத்து நாற்காலிப் பெண்கள் இரண்டு பேரும் அந்த நேரம் பார்த்து ஹெட்போனில் யாரிடமோ மும்முரமாகப் பேச ஆரம்பித்தார்கள். அழைப்பு எதுவும் வந்திருக்கவில்லை.

5. படிக்கட்டில் இறங்கியா?

மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு. காற்று மாசுக்காக டீசல் வண்டிகளை அரசாங்கம் நிறுத்தியிருந்த வாரம் வேறு; கரண்ட் டாக்ஸிக்கு ஓயாத சவாரி. டிரைவர்கள் போனில் என்னைத் திட்டினார்கள். திட்டுகிறவர்கள் திட்டட்டும் என்று கேட்டுக்கொண்டேன். காரணம் நான்தானே.

மூன்றாம் நாள் மதியம் புனேயில் இருந்து ஒரு பெண் பேசினாள். அனகா. சைட்டை நிறுத்திய சாஃப்ட்வேர் டீமைச் சேர்ந்தவள்.

"பதினொரு டிக்கெட் ஏன் திறந்தே இருக்கு? உங்க மேனேஜர் வேண்டலிசம்னு மெயில் போட்டிருக்கார், நீங்க கட்டத்தைக் காலியா விட்டிருக்கீங்க. எது சரி?"

ரூட் கதையைச் சொன்னேன். அவள் போனைத் தள்ளிவைத்துவிட்டுச் சிரித்தாள். சிரித்து முடித்ததும் கேட்டாள். "சரி, மெஷின் ஏன் கோபிச்சுக்குது?"

இத்தனை மாதத்தில் அந்தக் கேள்வியைக் கேட்ட முதல் ஆள் அவள். யார் அமுக்கினார்கள் என்றுதான் எல்லோரும் கேட்டார்கள்.

சுமன் சொன்னதை அப்படியே சொன்னேன். "லாக்ல அப்படி ஒண்ணும் தெரியலையே" என்றாள். "லாக்கைப் பாத்தா தெரியாதும்மா. ஒரு ஆளை அனுப்பறேன், நீ அங்கிருந்து பாரு" என்றேன்.

அந்த ஆள் ஆறுமுகம் அண்ணன். எங்கள் ஃபீல்டு டெக்னீஷியன், கள்ளக்குறிச்சிக்காரர். அனகா ஒரு மெஷினை மட்டும் சோதனைக்குத் திறந்துவிட்டாள். சுமன் வண்டியைக் கொண்டுவந்தாள். ஆறுமுகம் அண்ணன் பேஸ்மென்ட் வாட்ச்மேன் அறையில் இருக்கிற லேண்ட்லைனில் இருந்து பேசினார். அங்கே கைபேசியில் சிக்னல் வந்து வந்து போகும். நான் நடுவில் உட்கார்ந்து, அவர் தமிழை இந்தியாக்கி அனகாவிடமும், அவள் இந்தியைத் தமிழாக்கி அவரிடமும் சொன்னேன். அண்ணனுக்கும் இந்தி வரும், ஆனால் கோபம் வந்தால் தமிழ்தான் வரும்.

"ஏறுது. ஆரம்பிக்கறப்ப ஒரு கோடு சிக்னல் இருந்துச்சு. இப்ப நிறுத்தச் சொல்லு."

சுமன் போனில் அழுத்தினாள். வட்டம் சுற்றியது. கன் வரவில்லை.

"நிறுத்துங்கிற ஸ்டாப் கமாண்ட் இங்க வரவே இல்ல. வந்தாத்தானே மெஷினுக்கு அனுப்புவோம்?" என்றாள் அனகா. நான் அதைச் சொன்னேன்.

"அவங்ககிட்ட கேளும்மா, இங்க ஒரு கோடு கூட இல்ல இப்ப. இந்தப் புள்ள போன்லேர்ந்து புனேவுக்கு எந்த வழியாப் போவும்? புனேலேர்ந்து இந்த மெஷினுக்கு எந்த வழியா வரும்? படிக்கட்டுல எறங்கியா வரும்?"

அனகா பக்கம் கீபோர்டு சத்தம் கேட்டது. பிறகு மெதுவாக, "கஸ்டமர் கார்ல மட்டும் கன்னு ஏன் மாட்டிக்கலை?" என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். அண்ணனுக்கு அதற்கும் பதில் இருந்தது.

"நம்ம கம்பெனிக் காரு மெஷினோட நேராப் பேசுது. காருக்குள்ள பட்டனைத் தட்டினா கன்னு விட்டுடும், போனே வேணாம். மத்த காருக்கு அந்த வழியை நம்ம தெறந்து விடல. கூப்புட்டு உக்கார வெச்சுட்டு வாசக்கதவைப் பூட்டிக்கிட்டோம். அவங்க ஜன்னல் வழியாக் குதிச்சா திருடன்னு சொல்றோம்."

அதை மொழிபெயர்க்கும்போது ஒரு சொல்லையும் குறைக்கவில்லை. சேத்தி சார் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றிருந்தார் என்பதைத் திரும்பிப் பார்த்தபோதுதான் கவனித்தேன். அவரும் முழுவதும் கேட்டிருந்தார்.

"சிவப்பை அமுக்கட்டுமா தீதி?" லேண்ட்லைனில் சுமன் குரல் தூரத்தில் கேட்டது. "இல்ல, வேண்டல்னு எழுதிடுவீங்களா?"

"அமுக்கு" என்றேன். கன் விட்டது.

6. அதற்குப் பிறகு

மறுநாள் நாலு மெஷினும் பச்சை. கெஸ்டுக்கும் பச்சை. அடுத்த இரண்டு வாரத்தில் அனகா எல்லா மெஷின் திரையிலும் 'நிறுத்து' என்று ஒன்று கொண்டுவந்தாள். யார் காராக இருந்தாலும், சிக்னல் இருந்தாலும் இல்லாவிட்டாலும், அதைத் தொட்டால் கன் விடும். சிவப்புப் பொத்தானை அமுக்குவது அத்தோடு ஏறக்குறைய நின்றுபோனது. காரணப் பட்டியலில் 'கன் விடவில்லை' என்று ஒரு புது வரி சேர்ந்தது. சுமன் ஏர்போர்ட் சவாரியை மறுபடி பிடித்துக்கொண்டாள்.

எனக்கு ஒரு கடிதம் வந்தது. அனுமதி இல்லாத சொற்களைப் பதிவில் எழுதியது, அழைப்பில் அதிக நேரம் பேசுவது, டிக்கெட்டை உரிய காலத்தில் மூடாதது. சேத்தி சார் கையெழுத்துப் போட்டிருந்தார். கொடுக்கும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. "மேலேர்ந்து சொன்னாங்க மல்லிகா ஜி, பெர்சனலா எடுத்துக்காதீங்க" என்றார்.

ஸ்பெல்லிங் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. நான் உண்மையில் செய்த தப்பு அது ஒன்றுதான். பெற்றுக்கொண்டேன் என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டு, அதற்குக் கீழே, "முதல் இரண்டையும் இனிமேலும் செய்வேன். மூன்றாவது, காரணத்தைப் பொறுத்தது" என்று எழுதிக் கொடுத்தேன். ஆறுமுகம் அண்ணன் ஒரு அட்டையில் 'காதைத் திருகவும்' என்று இந்தியில் எழுதிச் சிவப்புப் பொத்தானுக்குப் பக்கத்தில் மாட்டினார். கம்பெனி நிறத்தில் இல்லை என்று விளம்பரப் பிரிவு கழற்றியது. அவர் மறுபடி மாட்டினார். கடைசியாக நான் பார்த்தபோது ஐந்தாவது அட்டை தொங்கிக்கொண்டிருந்தது.

இந்த நாற்காலிக்கு வருகிறவர்களுக்கு நான் கற்ற ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பட்டியலில் உங்கள் காரணம் இல்லையென்றால், பக்கத்தில் இருப்பதைத் தொட்டுவிடாதீர்கள். தப்பான ஒன்றைத் தொட்டால் டிக்கெட் மூடிவிடும். யாரும் உங்களைக் கூப்பிட்டு ஏன் என்று கேட்க மாட்டார்கள், கீழே ஒரு ஆள் பூட்டின கதவுக்கு வெளியே நிற்பான். காலியாக விட்ட கட்டம் கண்ணை உறுத்தும். திட்டுவதற்காகவாவது ஒருவர் கூப்பிடுவார். கூப்பிட்டால் பேசலாம்.

இதை எழுதுகிற இன்றைக்கு என் பெயரில் மூன்று டிக்கெட் திறந்திருக்கின்றன. ரோகிணியில் ஒரு மெஷின், எண்பது பர்சன்ட் ஆனதும் பெருமூச்சு விட்டுப் படுத்துக்கொள்கிறது என்கிறார் ஒரு டிரைவர். பட்டியலில் பெருமூச்சு இல்லை. நேற்று ஆரஞ்சாக இருந்தது, இன்றைக்குச் சிவப்பாகிவிட்டது. ஆகட்டும்.